கட்டைச் சப்பாத்தும் நம் காலும்



உழைக்கிறவர்களுக்குக் கை எவ்வளவு முக்கியமோ, காலும் அவ்வளவு முக்கியம். கையில் ஒரு கீறல் விழுந்தால் உடனே மருந்து தேடுகிறோம். காலை மட்டும், வேலை முடிந்து வந்ததும் ஒரு வாளித் தண்ணீரில் கழுவிவிட்டு மறந்துவிடுகிறோம். அந்தக் காலைக் காக்கிற சப்பாத்தைப் பற்றியோ கேட்கவே வேண்டாம். அது வாயைப் பிளந்த பிறகுதான் அப்படி ஒன்று இருந்ததே நம் நினைவுக்கு வருகிறது!

அடிப்பகுதி மரத்தாலும் மேற்பகுதி தோலாலும் ஆன சப்பாத்தைப் பற்றி இன்று பேசப் போகிறேன். அதை எப்படித் துடைப்பது, எப்படி உலர்த்துவது, எப்போது எண்ணெய் பூசுவது, எப்போது செப்பனிடுவது, எப்போது கழித்துக் கட்டுவது என்பவைதாம் இன்றைய விஷயங்கள்.

"மரக்கட்டையில் சப்பாத்தா? நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கலாம். மரத்தில் காலணி செய்வது நமக்குப் புதிதல்ல. இராமனின் பாதுகையைப் பரதன் தலையில் தாங்கிய கதையைச் சிறு பிள்ளைகளும் அறிவார்கள். இந்த நாட்டில் மலாய்க்காரர்களின் தெரோம்பா உண்டு. ரப்பர் வார் அடித்த சீனர்களின் கட்டைச் செருப்பு, ஈரச் சந்தைகளிலும் குளியலறைகளிலும் டக் டக் என்று ஒலித்த காலத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

மரத்தின்மேல் தோலை இழுத்து ஆணியடித்துச் செய்யும் சப்பாத்து ஐரோப்பாவின் வழக்கம். சுவீடன் முதலிய நாடுகளில் மருத்துவமனைத் தாதியரும் சமையற்காரரும் இதை அணிவார்கள். நாள் முழுவதும் நின்று வேலை செய்கிறவர்களுக்கு ஈரமும் குளிரும் ஏறாத கனமான அடி வேண்டும் அல்லவா? நம் தோட்டத்துப் பிள்ளைகளும் இன்று ஆஸ்பத்திரிகளிலும் ஹோட்டல் சமையற்கட்டுகளிலும் வேலை பார்க்கிறார்கள். பழைய துணியும் சப்பாத்தும் விற்கும் பண்டல் கடைகளில், குறைந்த விலைக்கு இப்படிப்பட்ட ஐரோப்பியச் சப்பாத்து கண்ணில் படுவதும் உண்டு. வாங்குவது சுலபம். அதை இந்த நாட்டு மழையிலும் புழுக்கத்திலும் வைத்துக் காப்பாற்றுவதுதான் பாடு.

காப்பாற்றும் வழியை நாம் யாரிடம் கற்றுக்கொள்வது? கையில் காசு குறைவாகவும் தரையில் ஈரம் அதிகமாகவும் இருந்த ஒரு தொழிலாளர் கூட்டத்திடம் கற்றுக்கொள்ளலாம்.

இங்கிலாந்தின் வடக்கே லங்காஷயர் என்று ஒரு பகுதி இருக்கிறது. பஞ்சாலைகளுக்குப் பேர்போன இடம். இந்தியாவின் அந்நியத் துணி மறுப்பால் பாதிக்கப்பட்ட நெசவுத் தொழிலாளர்களை நேரில் காண, 1931-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் மகாத்மா காந்தி அங்கே போனார். டார்வன் என்ற ஊரில் ஆலைப் பெண்கள் அவரைச் சூழ்ந்து நின்று ஆரவாரிக்கும் படத்தை உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். அந்த ஊர்களில் ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் அணிந்தது கட்டைச் சப்பாத்துதான். ஆங்கிலத்தில் அதைக் 'கிளாக்' என்பார்கள்.

ஏன் அதை அணிந்தார்கள்? காற்று உலர்ந்தால் பருத்தி நூல் அறுந்துபோகும். அதனால் நெசவுக் கூடங்களில் நீராவியைச் செலுத்தி ஈரப்பதத்தை ஏற்றி வைத்திருந்தார்கள். தரையோ கல் பாவிய தரை. வெளியே மழை, சேறு. தோல் அடி போட்ட சப்பாத்து அங்கே ஊறிப்போகும். மர அடி காலை நிலத்திலிருந்து உயர்த்தி நிறுத்தியது. குளிரையும் ஈரத்தையும் தடுத்தது. விலையும் குறைவு.

நம் தோட்டங்களில் இருட்டு விலகுமுன் பெரட்டுக்குப் போகும் காலடிச் சத்தம் எப்படியோ, அப்படி அந்த ஊர்களில் விடியற்காலையில் கல் தெருவில் ஆயிரக்கணக்கான கட்டைச் சப்பாத்துகள் ஒலிக்கும். அந்த ஒலியிலிருந்து ஒரு நடனமே பிறந்தது. சார்லி சாப்ளின் சிறுவனாக இருந்தபோது மேடையேறியது, 'எட்டு லங்காஷயர் பையன்கள்' என்ற கட்டை நடனக் குழுவில்தான்.

சரி, அந்தச் சப்பாத்தை எப்படிச் செய்தார்கள்? அதில்தான் நமக்கு வேண்டிய பாடம் இருக்கிறது.

அடிக்கட்டைக்கு ஆல்டர் என்ற மரத்தைப் பெரும்பாலும் எடுத்தார்கள். ஆற்றோரத்தில், ஈர நிலத்தில் வளரும் மரம் அது. கனம் குறைவு, செதுக்குவதற்கு எளிது, ஈரத்தையும் தாங்கும். பச்சை மரமாக இருக்கும்போதே துண்டு போட்டு, அடியின் உருவத்துக்கு ஓரளவு செதுக்குவார்கள். பிறகு அந்தத் துண்டுகளை இடைவெளி விட்டுக் கூம்பு போல அடுக்கி, காற்றோட்டத்தில் மாதக்கணக்கில் உலரவிடுவார்கள். அவசரப்பட்டு நெருப்பில் காட்டினால் கட்டை வெடித்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

உலர்ந்த கட்டையைச் சீர்செய்து, மெழுகேற்றிய தடித்த தோலை அதன் விளிம்பில் இழுத்து ஆணியடிப்பார்கள். அடியில், மாட்டுக்கு லாடம் கட்டுவது போல வளைந்த இரும்புப் பட்டை அடிப்பார்கள். மரம் தெருவைத் தொடக் கூடாது. தேய்வதெல்லாம் இரும்பாக இருக்க வேண்டும். இரும்பு தேய்ந்ததும் சப்பாத்துக்காரரிடம் போய் உட்கார்ந்தால், அங்கேயே பழையதைக் கழற்றிப் புதியதை அடித்துக் கொடுப்பார். காலப்போக்கில் இரும்புக்குப் பதிலாக ரப்பர் பட்டையும் வந்தது. சத்தமும் வழுக்கலும் குறைந்தன. உலகத்துக்கு ரப்பர் அனுப்பிய நாடுகளில் மலாயா முன்னணியில் நின்ற காலம் அது. நம் முன்னோர் சீவிய பால்மரத்தின் பால், அடுத்தவன் காலுக்கு அடியாக மாறிக் கடல் கடந்து போன காலம்!

நேயர்களே, இந்த அமைப்பை மனத்தில் வைத்துக்கொண்டால் பராமரிப்பு தானாகவே புரியும். இந்தச் சப்பாத்தில் மூன்று பொருள்கள் சேர்ந்திருக்கின்றன. ஒன்று மரம், இன்னொன்று தோல், மூன்றாவது, இரண்டையும் பிணைக்கும் ஆணி. ஈரம் இந்த மூன்றையும் மூன்று விதமாகப் பாதிக்கிறது.

மரம் தண்ணீரைக் குடித்தால் உப்பும், உலர்ந்தால் சுருங்கும். நரம்பு ஓடும் திசையில் அதிகம் மாறாது; குறுக்கே அகலத்தில்தான் மாறும். மேலும், மரத்தின் வெட்டுவாய்தான் தண்ணீரை வேகமாக இழுக்கும். கட்டைச் சப்பாத்தில் வெட்டுவாய் எங்கே இருக்கிறது? விரல் நுனிப் பக்கமும் குதிகால் பின்பக்கமும். ஆகவே முதலில் வெடிப்பு காண்பதும் அங்கேதான்.

தோல் என்பது பின்னிக் கிடக்கும் நார்களின் கூட்டம். அந்த நார்களுக்கு இடையே இருக்கும் எண்ணெய்ப் பசைதான் தோலை மென்மையாக வைத்திருக்கிறது. நனைந்த தோலைச் சூட்டில் காயவைத்தால் நார்கள் சுருங்கும். அப்பளம் போல விறைக்கும். பிறகு வளையும் இடத்தில் கீறல் விழும்.

ஆணியோ துருப்பிடிக்கும். மரப்பட்டைச் சாற்றில் பதப்படுத்திய தோலில் இரும்புத்துரு பட்டால் அந்த இடம் கறுத்து, நாளாவட்டத்தில் உளுத்துப்போகும். இதற்குமேல் மரம் உப்பிச் சுருங்கி, உப்பிச் சுருங்கி, ஆணியின் பிடியும் தளர்ந்துவிடும்.

பார்த்தீர்களா? தண்ணீர் ஒரு நாள் பட்டதால் சப்பாத்து கெடுவதில்லை. ஊறவிடுவதும், அவசரமாகக் காயவைப்பதும், சின்னப் பழுதை அலட்சியம் செய்வதும்தான் அதைக் கெடுக்கின்றன. இதை மட்டும் மனத்தில் நிறுத்திக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

இனி என்ன செய்ய வேண்டும் என்று பார்ப்போம்.

முதலாவது, வேலை முடிந்து வந்ததும் செய்வது. சேறு இருந்தால் ஒரு குச்சியால் தட்டி நீக்குங்கள். பிறகு ஈரத்துணியைப் பிழிந்து துடையுங்கள். சப்பாத்தை வாளியில் முக்கிக் கழுவாதீர்கள். துணி சோப்புத் தூளும் வேண்டாம். அது தோலில் உள்ள எண்ணெய்ப் பசையைக் கழுவிக்கொண்டு போய்விடும். மண்ணெண்ணெயும் அப்படித்தான்.

இரண்டாவது, உலர்த்துவது. பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணியுங்கள். தாள் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். தோலின் உருவமும் கெடாது. ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் தாளை மாற்றுங்கள். சப்பாத்தை நேராக நிறுத்தாமல் பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள். அப்போதுதான் அடிக்கட்டைக்கும் காற்றுப் படும். எங்கே வைப்பது? நிழலும் காற்றும் உள்ள அஞ்சடி போன்ற இடத்தில். தகரக் கூரையின் மேலே கொதிக்கும் வெயிலில் வைக்கக் கூடாது. அடுப்பங்கரையிலும் வைக்கக் கூடாது. "நாளைக் காலையில் போட வேண்டுமே!" என்று அவசரப்படுகிறவர்கள், ஆல்டர் கட்டையை மாதக்கணக்கில் காற்றில் அடுக்கி வைத்தவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். நன்றாக நனைந்த சப்பாத்துக்கு ஓரிரண்டு நாள் ஓய்வு வேண்டும். முடிந்தால் இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி அணிவது நல்லது. ஒரே ஜோடியைத் தினமும் ஈரத்தோடு போடுவதைவிட, இரண்டு ஜோடியும் சேர்ந்து நீண்ட காலம் உழைக்கும்.

மூன்றாவது, வாரத்துக்கு ஒரு முறை செய்வது. பத்து நிமிட வேலை. தூரிகையால் தோலும் மரமும் சேரும் விளிம்பைத் தேயுங்கள். அந்த இடுக்கில்தான் மண் தங்கி ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஆணிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஆடுகிறதா, துருவேறியிருக்கிறதா, தலை எழும்பியிருக்கிறதா என்று கவனியுங்கள். பிறகு தோலுக்குச் சப்பாத்து மெழுகு தடவித் தேயுங்கள். மேல்தோல் வெல்வெட்டுத் துணி போல மொசுமொசுவென்று இருந்தால் மெழுகு போடாதீர்கள். உலர்ந்த தூரிகை மட்டும் போதும்.

நான்காவது, மாதத்துக்கு ஒரு முறை தோலுக்குக் கொழுப்பு ஊட்டுவது. லங்காஷயர் தொழிலாளர்கள் விலங்குக் கொழுப்பும் எண்ணெயும் கலந்த 'டப்பின்' என்ற பசையைத் தேய்த்தார்கள். இன்று சப்பாத்துக் கடைகளில் தோலுக்கென்றே விற்கும் பசை எதுவானாலும் சரி. நன்றாக உலர்ந்த தோலில், விரல் நுனியளவு எடுத்து, துணியால் மெல்லிதாகத் தேய்க்க வேண்டும். அதிகம் போட்டால் தோல் தொளதொளத்து, ஆணியடித்த இடத்தில் இழுபட்டுக் கிழியும்.

மரத்துக்கும் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை எண்ணெய் வேண்டும். இதற்கு ஆளிவிதை எண்ணெய் ஏற்றது. சாயம் விற்கும் கடைகளில் 'லின்சீட் ஆயில்' என்று கேட்டால் கிடைக்கும். உலர்ந்த கட்டையின் பக்கங்களில், முக்கியமாக விரல் நுனி, குதிகால் வெட்டுவாய்களில் துணியால் தடவுங்கள். கால் மணி நேரம் கழித்து மேலே நிற்பதைத் துடைத்துவிடுங்கள். பிறகு நன்றாக உலரும்வரை அணியாதீர்கள். காலைத் தாங்கும் மேற்புறத்திலும் தரையைத் தொடும் அடிப்புறத்திலும் பூச வேண்டாம்; வழுக்கும்.

வீட்டில் தேங்காய் எண்ணெய் இருக்கிறதே, அதைப் பூசினால் என்ன என்று கேட்பீர்கள். ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டு இறுகி ஒரு போர்வை போல ஆகிவிடும். தேங்காய் எண்ணெய் இறுகாது. தூசி ஒட்டும், சிக்கு வாடை அடிக்கும், கரப்பான் பூச்சி தேடி வரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆளிவிதை எண்ணெய் பட்ட துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அந்த எண்ணெய் இறுகும்போது சூடு உண்டாகும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் பெருகி, தானாகவே தீப்பிடிக்கக் கூடும். ஆகவே துணியை வெளியே விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கிய பிறகு குப்பையில் போடுங்கள். பலகை வீட்டில் வசிப்பவர்கள் இதை மறக்கவே கூடாது.

அடுத்தது பூஞ்சணம். நம் நாட்டுக் காற்றில் எப்போதும் ஈரம் அதிகம். அலமாரியில் மூடி வைத்த சப்பாத்து சில வாரங்களிலேயே பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துவிடுகிறது. அதை வீட்டுக்குள் வைத்துத் தட்டாதீர்கள். அந்தத் தூள் மூச்சுக்கு ஆகாது. வெளியே கொண்டுபோய், மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு தூரிகையால் நீக்குங்கள். பிறகு புளிக்காடியும் தண்ணீரும் சமமாகக் கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து துடையுங்கள். முதலில் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஓரத்தில் தடவிப் பார்ப்பது நல்லது. சில தோல்களில் சாயம் போகும். நிழலில் நன்றாக உலர்ந்த பிறகு பசை தடவுங்கள். மறுபடி எடுத்து வைக்கும்போது பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள். செய்தித்தாளில் சுற்றி, காற்றாடும் தட்டில் வையுங்கள். தீபாவளிக்கு ஒரு நாள், கல்யாணத்துக்கு ஒரு நாள் என்று போடுகிற சப்பாத்துக்கும் இதே விதிதான்.

இனி, செப்பனிடுவது. அடியில் ஒட்டிய ரப்பர் பாதி தேய்ந்தவுடனேயே செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து மாற்றுங்கள். ரப்பர் தேய்ந்து மரமே தரையில் உரசத் தொடங்கிவிட்டால், கல் குத்தி மரம் சிதறும், தண்ணீர் ஏறும், பிறகு புது ரப்பர் ஒட்டினாலும் பிடிக்காது. லாடம் தேயும்போதே மாற்றிய லங்காஷயர்காரரின் சிக்கனம் இதுதான். ஆணி கழன்றிருந்தால் அதே ஓட்டையில் அடிக்காமல் சற்றுத் தள்ளி அடிக்கச் சொல்லுங்கள். நரம்போடு ஓடும் மயிரிழை வெடிப்பை மரப்பசை விட்டு இறுகக் கட்டி வைத்தால் மூடிவிடலாம். ஆனால் பாதம் ஊன்றும் இடத்தில் குறுக்காக வெடிப்பு விழுந்தால், அந்தச் சப்பாத்தின் ஆயுள் முடிந்தது என்று கொள்ளுங்கள். ஆசைக்காக அதை அணிந்து காலை முறித்துக்கொள்ள வேண்டாம்.

நேயர்களே, சப்பாத்தைப் பற்றி இவ்வளவு பேசியது சப்பாத்துக்காக மட்டுமல்ல. காலுக்காக. ஒரு காலத்தில் மலாயாத் தோட்டங்களில் வெறுங்காலோடு நடந்தவர்களின் தோலைத் துளைத்து உள்ளே போன கொக்கிப்புழு, எத்தனையோ பேரின் இரத்தத்தை உறிஞ்சிச் சோகையாக்கியது. இன்று வேறோர் ஆபத்து வந்திருக்கிறது. அதுதான் இனிப்பு நீர். சுகாதார அமைச்சு 2019-ஆம் ஆண்டு நடத்திய தேசிய ஆய்வில், மலேசியப் பெரியவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு இந்த நோய் காணப்பட்டது. இந்தியர்களிடையே அது நூற்றுக்கு 31 பேர்.

இனிப்பு நீர் முற்றினால் பாதத்தில் உணர்ச்சி மங்கும். ஆணி குத்தினாலும் தெரியாது. சப்பாத்துக்குள் எழும்பிய ஒரு சின்ன ஆணிமுனை நாள் முழுவதும் குத்திக்கொண்டே இருக்கும். மாலையில் கழற்றும்போதுதான் இரத்தத்தைப் பார்ப்பார்கள். ஆறாத புண், பிறகு விரல், பிறகு கால் என்று எடுக்க நேர்ந்த கதைகள் நமக்குத் தெரியாதவை அல்ல.

ஆகவே, எந்தச் சப்பாத்தையும் போடுமுன் கவிழ்த்துத் தட்டுங்கள். பூரானோ தேளோ இருந்தால் விழும். பிறகு உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். கட்டைச் சப்பாத்தாக இருந்தால், வாரம் ஒரு முறை கொஞ்சம் பஞ்சை எடுத்து உள்ளே ஓரம் முழுக்கத் தேயுங்கள். எங்கேயாவது ஆணிமுனையோ மரச்சிலும்போ இருந்தால் பஞ்சு அதில் மாட்டிக்கொள்ளும். கைவிரலுக்குத் தப்பினாலும் பஞ்சுக்குத் தப்பாது. கண்பார்வை குறைந்த தாத்தா, பாட்டிமாரின் சப்பாத்தை வீட்டுப் பிள்ளைகள் இப்படிச் சோதித்துக் கொடுக்கலாம். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் கட்டைச் சப்பாத்தை அணியலாமா என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்வதே நல்லது. மர அடி வளையாது. அளவு சரியில்லாவிட்டால் குதிகாலில் கொப்புளம் உண்டாகும்.

வளையாத அடி என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பின்பக்கம் திறந்த கட்டைச் சப்பாத்தோடு ஏணி ஏறாதீர்கள். மோட்டார் சைக்கிள் ஓட்டாதீர்கள். செம்பனைத் தோட்டத்து முள்ளுக்கு அது கவசமும் ஆகாது. அங்கே அதற்குரிய பூட்ஸ்தான் வேண்டும்.

சொன்னவற்றைச் சுருக்கிச் சொல்கிறேன். ஈரம் பட்டால் துடையுங்கள். நிழலில், காற்றில், பொறுமையாக உலர்த்துங்கள். தோலுக்கு மாதம் ஒரு முறையும் மரத்துக்கு ஆண்டில் இரண்டு மூன்று முறையும் பசையும் எண்ணெயும் அளவாகக் கொடுங்கள். ரப்பர் தேயுமுன் மாற்றுங்கள். போடுமுன் உள்ளே கையை விட்டுப் பாருங்கள்.

இதில் பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாலையில் வீட்டிலுள்ள சப்பாத்துகளையெல்லாம் அஞ்சடியில் வரிசையாக வைத்துக்கொண்டு, பிள்ளைகளையும் கூட உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் போதும். பள்ளிக்கூடச் சப்பாத்திலிருந்து பாட்டியின் செருப்பு வரை எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். சம்பாதித்த வெள்ளி மிச்சமாகும். காலும் பத்திரமாக இருக்கும்.